நாலேகால் மணி நேரம்

ஒரே ஒரு தெருவாம், அந்தத் தெருவில் ஒரே ஒரு சாவாம், அந்தச் சாவுக்கு ஒரு மகளும் ஒரு மகனுமாம். மகள் தகப்பனின் காலடியில் இருந்தாள், மகன் நாலேகால் மணி நேரத்துக்கு அந்தப்பக்கம் இருந்தான். கேட்கிறவர்கள் ‘உம்’ கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் அந்த நாலேகால் மணி நேரம் கரையவில்லை என்பதுதான் கதை.

தெரு எங்கே இருந்தது என்றால், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், சுனைக்கரை என்ற ஊரில், வாய்க்காலை ஒட்டி இருபத்திரண்டு வீடுகளோடு இருந்தது. விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்குகிற பாதை அந்தத் தெருவுக்கு நேர் மேலே. வீட்டுக்கு ஒருத்தன் சிங்கப்பூரில் இருந்தான். அதனால் அங்கே பிறந்த பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்ட சங்கதி, சிங்கப்பூர் மூவாயிரம் கிலோமீட்டருக்கு இருபது குறைச்சல், போக நாலேகால் மணி நேரம், வர நாலேகால் மணி நேரம் என்பது. தஞ்சாவூரில் கட்டிக்கொடுத்த மகள் ரெண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் சிங்கப்பூர் மகன் வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்துவிடுவான் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். தூரம் என்று ஒன்று இருப்பதையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். படையல் போடாமல் விட்ட சாமி மாதிரி, மறந்துபோன தூரமும் ஒருநாள் வாசலில் வந்து நின்று தன் பங்கைக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

தெருவின் கடைசி வீட்டு அடைக்கலம், வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற வேலை பார்த்து ஓய்ந்தவர், ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது நீராகாரம் குடித்த சொம்பைக் கீழே வைக்காமலேயே போய்விட்டார். மணப்பாறையில் வாழ்க்கைப்பட்ட மகள் மீனாளுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. புருஷன் மலைச்சாமியையும் பத்து வயது மகள் அல்லியையும் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் வந்து விழுந்தாள். தாய் எப்போதோ போய்விட்ட வீடு அது. தம்பி சோலையப்பனை, தன்னைவிட ஏழு வயது இளையவனை, இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். அதனால் அவன் போன் அவளுக்குத்தான் வந்தது.

“அக்கா, ஏறிட்டேன். அய்யாவ எடுத்துராதீங்க. மொகத்தப் பாக்கணும். நாலு மணி நேரந்தான், வந்துருவேன்.”

“நீ வாடா. நீ வர்ற வரைக்கும் அய்யாவ எடுக்க விடமாட்டேன்” என்றாள் மீனாள். கேதத்துக்கு வந்திருந்த எல்லார் காதிலும் அந்தச் சொல் விழுந்தது. சாவு வீட்டில் மகள் சொன்ன சொல், வாய்க்கரிசி மாதிரி, போட்டால் போட்டதுதான்.

கீரனூரிலிருந்து ஜபருல்லா பாய் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் அடைக்கலத்தைப் படுக்கவைத்து, ஒயரைச் சொருகி, “சாயங்காலம் எடுத்துருவீங்கள்ல? நாளைக்கு ஆவூர்ல ஒரு கேதம் சொல்லியிருக்காங்க” என்று கேட்டார். எடுத்துருவோம் பாய் என்று பத்துப் பேர் சொன்னார்கள்.

சுனைக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் பிணம் கிடக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் அடுப்பு மூட்டக் கூடாது, கோலம் போடக் கூடாது, தெருக்கோடியில் இருக்கிற செல்லியம்மன் கோயிலின் நடையைத் திறக்கக் கூடாது. நல்ல காரியம் எதுவும் அந்தத் தெருவுக்குள் நுழையக் கூடாது. பொழுது சாய்வதற்குள் பிணத்தை எடுத்துவிடுவார்கள், தெருவைக் கழுவிவிடுவார்கள், அடுப்புகள் புகையத் தொடங்கிவிடும். ஒரு பொழுதுக்கு மேல் அந்த வழக்கம் யாரையும் தொந்தரவு பண்ணியதில்லை.

மத்தியானம் ரெண்டு மணிக்கு, பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணுவின் மகள் தேன்மொழி தன் போனைப் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை செல்லியம்மன் சந்நிதியில் கல்யாணம் ஆகவேண்டிய பெண். வானத்தில் போகிற விமானங்களையெல்லாம் மஞ்சள் பூச்சி மாதிரிக் காட்டுகிற ஆப் ஒன்று அவள் போனில் இருந்தது.

“அக்கா, இன்னும் நாலேகால் மணி நேரம்னு காட்டுது.”

“அவன் ஏறியே நாலு மணி நேரம் ஆச்சேடி” என்றாள் மீனாள்.

“ஆமா. இன்னும் நாலே காலுதான் இருக்கு.”

பூச்சி நகரத்தான் செய்தது. அது நகர்ந்த அளவுக்குக் கடலும் அதற்கு முன்னால் நகர்ந்தது. மூணு மணிக்குப் பார்த்தார்கள், நாலேகால் மணி நேரம். ஐந்து மணிக்குப் பார்த்தார்கள், நாலேகால் மணி நேரம். செல்லியம்மன் பூசாரி வீரணன் போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பெத்த மகன் நாலு மணி நேர தூரத்துல வந்துக்கிட்டு இருக்கான். அதுக்குள்ள எடுத்துப்புட்டு அவன் மூஞ்சில யாரு முழிக்கிறது? பொறுங்கப்பா” என்றார். தப்புக்காரர்கள் தப்பைக் கீழே வைத்தார்கள். பாடை கட்டியவர்கள் பீடி பற்றவைத்தார்கள்.

மறுநாள் காலையிலும் நாலேகால் மணி நேரம். அன்று சாயங்காலமும் நாலேகால் மணி நேரம். நாலு நாள் தூரம் என்று காட்டியிருந்தால் எடுத்திருப்பார்கள், நாற்பது நாள் என்றால் அழுதுகொண்டே எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் நாலேகால் மணி நேரம்தான் மிச்சம் என்று காட்டுகிறபோது எந்த மனுஷன் பிணத்துக்குத் தோள் கொடுப்பான்? நாலு மணி நேரம் பொறுக்க மாட்டாதவர்களா நாம் என்று தெரு தன்னைத்தானே கேட்டுக்கொண்டது, பொறுத்துக்கொண்டது, மறுபடியும் கேட்டுக்கொண்டது.

அந்த விமானத்தில் சோலையப்பனோடு இன்னும் நூற்று அறுபது பேர் வந்துகொண்டிருந்தார்கள். திருச்சி விமான நிலையத்துப் பலகையில் அந்த விமானத்துக்கு நேரே ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதியிருந்தது; அது பொய்யும் இல்லை. அதற்குப் பிறகு கிளம்பிய விமானங்கள் நாலேகால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தன, டி.வி.யும் கோடாலித் தைலமுமாக ஆட்கள் இறங்கினார்கள். வழியில் ஒரு விமானத்தைப் பார்த்தீர்களா என்று அவர்களைக் கேட்டால், “கீழ வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுச்சு, மேகமோ என்னமோ” என்றார்கள்.

மூணாம் நாள் பசி வந்தது. இருபத்திரண்டு வீட்டிலும் குழந்தைகள் அழுதன. பூசாரி வீரணன் வாய்க்கால் கரையில் நின்று யோசித்தார். தெருவுக்குள்தான் அடுப்பு மூட்டக் கூடாது, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் தெரு இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அன்றைக்கே அக்கரையில் மூணு மூணு கல்லாக இருபத்திரண்டு அடுப்புகள் முளைத்தன. பெண்கள் குண்டானும் அரிசியுமாகப் பாலத்தைத் தாண்டிப் போய் ஆக்கிக்கொண்டு வந்தார்கள். மழை வந்தபோது அடுப்புக்கு மேலே கீற்றுப் போட்டார்கள். வெயில் வந்தபோது சுவர் வைத்தார்கள். ஆக்கின இடத்திலேயே சாப்பிட்டார்கள், சாப்பிட்ட இடத்திலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். ரெண்டு வருஷத்தில் அக்கரையில் ஒரு தெரு உண்டாகி, இக்கரைத் தெருவில் எலிகள் குடிவந்தன. தேன்மொழியின் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை தள்ளி, இன்னொரு வெள்ளிக்கிழமை தள்ளி, கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் ஊரிலேயே நடந்தது. போகும்போது அந்தப் பெண் தன் போனை மீனாள் கையில் கொடுத்துவிட்டு, “எனக்கு அவுக புதுசு வாங்கித் தர்றாக. பூச்சிய நீங்களே பாத்துக்கங்கக்கா” என்றாள்.

அடைக்கலமும் ஒத்தாசையாகத்தான் இருந்தார். உயிரோடு இருந்தபோது காப்பி ஒரு நிமிஷம் தாமதமானால் சொம்பை எறிகிற மனுஷன், செத்த பிறகு அப்படிப் பொறுத்தார். முகம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் சிறுத்து, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்து, ஒருவிதமான முறைப்போடு நின்றுவிட்டது. ஜபருல்லா பாய் பெட்டியைக் கொண்டுபோக வந்த அன்று, “நாலு மணி நேரந்தானே பாய்” என்று மீனாள் சொன்னாள். சரி என்று உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. பந்தலிலேயே கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டார், அங்கேயே ஐந்து வேளை தொழுதார், பெட்டியின் மோட்டாரை மூணு தடவை மாற்றினார், கரண்ட் போனால் ஜெனரேட்டரை இழுத்தார். “மய்யித்த அடக்கம் பண்ணாம வெச்சுக்கிட்டு இருக்கிறது எங்கள்ல ஆகாது தங்கச்சி. என்ன செய்ய, பெட்டி என்னோடது” என்பார். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை ‘ஐஸ் பெட்டி’ என்று கூவத் தொடங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் சோடா கிடைக்கும் என்று இறங்கி ஏமாந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகாதவர் பேரை அடிக்க முடியாது என்று வாக்காளர் பட்டியலில் விட்டுவைத்ததால், ரெண்டு தேர்தலில் அடைக்கலம் ஓட்டும் போட்டிருந்தார்.

இப்படித் தெருவுக்கு ஒரு சிரிப்பாகவும் பழக்கமாகவும் ஆகிப்போனது மீனாளுக்கு மட்டும் ஆகவில்லை. அவள் பெட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள், தம்பிக்கு என்று ஒரு சொம்பில் தண்ணீரை மாற்றி வைத்தாள், போனைப் பார்த்தாள். மூணாம் மாசம் மலைச்சாமி வந்து பந்தலுக்கு வெளியே நின்றார்.

“எப்ப வருவே?”

“தம்பி வந்ததும் வந்துர்றேங்க. நாலு மணி நேரந்தான் காட்டுது.”

“ஒங்க அய்யாவாவது ஐஸ்ல இருக்காரு மீனா. நானும் எம்மகளும் வெயில்லயே வெறைச்சுப் போறோம்” என்று சொல்லிவிட்டு, அல்லியை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு போனார். அல்லி பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, வளைவு வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனாள். மீனாள் கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினாள்.

அல்லி பெரியவளான சேதி மூணு வருஷம் கழித்து வந்தது. சாவுத் தீட்டோடு இருக்கிறவள் சடங்கு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. “நாலு மணி நேரம் தள்ளி வையுங்க, வந்துர்றேன்” என்று மீனாள் சொல்லியனுப்பினாள். அவர்களும் நல்லவர்கள், நாலு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். ராகுகாலம் வந்துவிடும் என்று பிறகு அத்தைக்காரியே தண்ணீர் ஊற்றினாள்.

மற்ற நூற்று அறுபது வீடுகளும் அதற்குள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டன. மணச்சநல்லூரில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த பெண்ணை ஆறு மாசத்தில் வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். துறையூரில் நாலு வருஷம் பார்த்துவிட்டுப் போட்டோவுக்கு மாலை போட்டார்கள். விராலிமலையில் ஒரு கிழவனும் கிழவியும் எட்டு வருஷம் வாசல் விளக்கை அணைக்காமல் இருந்து, ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்பதாவது வருஷம் அந்த விமானத்தை எதிர்பார்த்து இந்தப் பூமியில் உட்கார்ந்திருந்தது மீனாள் ஒருத்திதான். அது அவளுக்குத் தெரியாது.

அப்படி ஒருநாள் காலையில், வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு பெண் நின்று, “அம்மா” என்று கூப்பிட்டாள். மீனாள் எழுந்து வாய்க்காலின் இக்கரை ஓரத்துக்குப் போனாள். சுடிதாரும் தோளில் பையுமாக, மலைச்சாமியின் நெற்றியும் தன் மூக்குமாக, பத்தொன்பது வயதில் அல்லி நின்றாள்.

“இந்தப் பக்கம் வாயேன்டி.”

“பயணம் போறவ தீட்டு வீட்டுக்கு வரக் கூடாதுன்னு அத்தை சொல்லிவிட்டாக. இங்கேருந்தே சொல்லிட்டுப் போறேன். சிங்கப்பூர்ல ஹோட்டல் வேலை படிக்க எடம் கெடைச்சிருக்கும்மா. நாளைக்கு சாயங்காலம் நாலரைக்கு ஃப்ளைட்.”

மீனாளுக்கு வாய்க்கால் தண்ணீர் நின்றுபோன மாதிரி இருந்தது. “எம்புட்டு நேரம்?” என்று கேட்டாள், தெரியாதவள் மாதிரி.

“நாலேகால் மணி நேரந்தாம்மா.”

“போகாதடி.”

“ஏன், நீ இங்க இருக்கேன்னா?” அல்லி சிரித்தாள், வலிக்கிற சிரிப்பு. “மணப்பாறை முப்பத்தஞ்சு கிலோமீட்டர். ஒன்பது வருஷமா அத ஒன்னால தாண்ட முடியல. அதுக்கு சிங்கப்பூர் தேவலை.”

மீனாள் தண்ணீர் ஓரம்வரைக்கும் இறங்கி வந்தாள். “ஏர்ப்போர்ட்டுக்கு வந்து வழியனுப்புறேன்” என்றாள்.

“தீட்டோடயா?”

“தலைமுழுகிட்டு வாறேன். ரெண்டு மணிக்குள்ள அங்க நிப்பேன். நீ உள்ள போறதுக்குள்ள வந்துருவேன்.”

அல்லி அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். கேலிக்குச் செய்தாளா, ஞாபகத்துக்குச் செய்தாளா என்று மீனாளுக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானமே மீனாள் ஜபருல்லா பாயிடம், “நாளைக்குக் காலைல அய்யாவ எடுத்துருவோம் பாய்” என்றாள். அவர் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பூசாரி வீரணன் மட்டும் இழுத்தார்.

“கொள்ளி யாரு வைக்கிறது? பொட்டச்சி சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் இல்லையே ஆத்தா.”

“வழக்கமெல்லாம் அக்கரைக்குப் போயிருச்சு மாமா” என்றாள் மீனாள். “இங்க நீங்களும் நானுந்தான் இருக்கோம்.”

காலையில் தோள் கொடுக்க நாலு பேர் வந்தார்கள்: எழுபத்தைந்து வயது வீரணன், ஜபருல்லா பாய், அக்கரையிலிருந்து வள்ளிக்கண்ணு, நாலாவது மீனாள். நாலு பேர் தேவையே இல்லை. ஒன்பது வருஷம் ஐஸில் இருந்த அடைக்கலம் ஒரு மூட்டை வைக்கோல் அளவுக்குத்தான் கனத்தார். மேளம் இல்லை, சங்கு இல்லை. கண்மாயை ஒட்டின சுடுகாட்டில் கட்டை அடுக்கி, வராட்டி வைத்து, சரியாகப் பத்து மணிக்கு மீனாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தாள். அழ வேண்டும் என்று நினைத்தாள். எப்போது கடைசியாக அழுதோம் என்று யோசித்தாள், அந்த யோசனையிலேயே அழுகை போய்விட்டது.

“திரும்பிப் பாக்காமப் போ ஆத்தா” என்றார் வீரணன். “கொள்ளி வெச்சவுக திரும்பிப் பாத்தா, போற சீவன் நின்னுரும்.”

கண்மாயில் முழுகிப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒரு மணிக்கு விமான நிலையம். மீனாள் பத்து அடி நடந்தாள். கை பழக்கத்தில் போனை எடுத்தது. நாலு மணி பதினாலு நிமிஷம்.

அவள் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பதின்மூணு நிமிஷம். பூச்சி நகர்ந்தது, கடல் நகரவில்லை.

மீனாள் திரும்பிப் பார்த்தாள். தீ நெஞ்சுவரைக்கும் ஏறியிருந்தது. “அணைங்க, அணைங்க” என்று ஓடினாள், ஈரமண்ணை அள்ளி அள்ளி வீசினாள். ஜபருல்லா பாய் அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“பத்திருச்சு தங்கச்சி.”

“தம்பி வர்றான் பாய்.”

“பத்திருச்சும்மா. விடு.”

வள்ளிக்கண்ணுதான் போனை வாங்கிப் பார்த்து, நிமிஷம் குறைகிறது என்பதை நம்பின பிறகு, “அப்ப ஏர்ப்போர்ட்டுக்குப் போடி மீனா. மகளையும் பாத்த மாதிரி ஆச்சு, தம்பியையும் அங்கயே பாத்துரலாம்” என்றாள். நல்ல புத்திதான். வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் ஓடியிருப்பாள். ஆனால் ஒன்பது வருஷம் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் மீனாள்.

“எடுக்க விடமாட்டேன்னு சொன்னவ நான் சித்தி. எறங்கினதும் இங்கதான ஓடி வருவான். கூட்டத்துல மாறிப்போயி, வந்து பாக்குறப்ப நானும் இல்லாட்டி? இருங்க. இன்னும் நாலு மணி நேரந்தானே” என்று சொல்லிக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தாள். மற்ற மூணு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பழக்கத்தில் அவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஒரு மணிக்கு அல்லி கூப்பிட்டாள். “வந்துட்டியாம்மா?”

“மாமா வர்றான்டி. எறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. வந்ததும் கெளம்பிர்றேன்.”

அந்தப்பக்கம் பெட்டியை வரிசையில் தள்ளுகிற சத்தம் கேட்டது. “சரிம்மா” என்றாள் அல்லி.

ரெண்டேகாலுக்கு ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு சுடுகாட்டுக்கு மேலே, கட்டைப் புகையைக் கிழித்துக்கொண்டு போனது. மற்ற விமானங்கள் மாதிரியேதான் இருந்தது. மூணேகாலுக்கு ஒரு வாடகைக் கார் கண்மாய்க் கரையில் வந்து நின்றது. கதவு முழுசாகத் திறக்கும் முன்பே சோலையப்பன் குதித்து ஓடி வந்தான். அதே இருபத்தேழு வயசு, அன்றைக்குக் காலையில் போட்ட சட்டை, வழியெல்லாம் அழுது வீங்கின கண். தீ அடங்கி, கட்டைகள் சரிந்து, சாம்பலுக்குள் சிவப்பு மட்டும் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், கரையில் இருந்த நாலு பேரையும் பார்த்தான், மீனாளிடம் வந்தான்.

“அத்தே, அக்கா எங்க?”

“நான்தான்டா” என்றாள் மீனாள்.

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். “என்னக்கா, ஒரே நாள்ல இப்படி ஆயிட்டே” என்றான். அப்புறம் சாம்பல் பக்கம் கையை நீட்டினான். “ஏன்க்கா எடுத்தீங்க? ஏறுறப்பவே சொன்னேன்ல. நாலு மணி நேரம், நாலே நாலு மணி நேரம் ஒங்களால பொறுக்க முடியலையா?”

ஜபருல்லா பாய், “தம்பி, ஒன்பது...” என்று தொடங்கினார். மீனாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒன்பது வருஷத்தை அந்தப் பிள்ளையின் தலையில் எப்படி இறக்கி வைப்பது, அவன் சுமந்து வந்ததே நாலு மணி நேரம்தான்.

சோலையப்பன் சாம்பலுக்கு முன்னால் மண்ணில் விழுந்து, அய்யா, அய்யா என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். அப்போதுதான் சுட்ட பானை மாதிரி அவன் துக்கம் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் கூடச் சேர்ந்து அழ முயற்சி பண்ணினார்கள். வள்ளிக்கண்ணு முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தாள். வீரணன் மூக்கைச் சிந்திப் பார்த்தார். யாருக்கும் வரவில்லை. அது அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. கொட்டாவி விடுகிறவர்கள் நடுவில் ஒருத்தன் மட்டும் ஒப்பாரி வைக்கிற மாதிரி இருந்தது. முதலில் வீரணன், நடை திறந்து அம்மனுக்கு ஒரு விளக்காவது போடணும் என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார். வள்ளிக்கண்ணு, இக்கரை வீட்டில் இன்றைக்கு அடுப்பு மூட்டலாம்தானே என்று யாரையும் கேட்காமல் கேட்டுக்கொண்டு போனாள். ஜபருல்லா பாய் சோலையப்பனின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு, காலிப் பெட்டியை வண்டியில் ஏற்றப் போனார்.

அக்காவும் தம்பியும் இருந்தார்கள்.

“வீட்டுக்கு வாடா. ஒரு வாய் சாப்புடு.”

“மூணு நாள் லீவு போட்டு வந்தேன். மொகமே இல்லாத எடத்துல மூணு நாள் எதுக்கு?” அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கோடாலித் தைலப் புட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான். “போன வாரம் அய்யா கேட்டுச்சு, முட்டி வலிக்குதுன்னு.” பிறகு, “கருமாதிக்கு வாறேன்” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “நாலு மணி நேரந்தானே.”

மீனாள் வாயைத் திறந்தாள். நீ வர்ற வரைக்கும் என்று தொடங்குகிற பழைய சொல் நாக்குவரைக்கும் வந்தது. அவள் அதைக் கடித்து விழுங்கினாள்.

“வந்தா வா. நான் வழி பாத்துக்கிட்டு உக்கார மாட்டேன்” என்றாள்.

அவனுக்கு அது கன்னத்தில் விழுந்த அறையாகத்தான் பட்டது. அதில் இருந்த கும்பிடு, பிடித்து வைத்தால் வழியிலேயே நின்றுபோவாய், விட்டால்தான் வந்து சேர்வாய் என்ற கும்பிடு, அவன் காதுக்கு எட்டவில்லை. கார்வரைக்கும் நடந்தான், ஏறினான், கதவைச் சாத்தினான். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருச்சி ரோட்டில் திரும்பியது.

கையில் போன் அதிர்ந்தது. அல்லி பேசிப் பதிந்து அனுப்பிய குரல் ஒரு துண்டாக வந்திருந்தது. “அம்மா, ஏறிட்டேன். நாலு மணி நேரந்தான். லீவு விட்டதும் வந்துருவேன்.” பின்னால் யாரோ பெல்ட் போடச் சொல்வது கேட்டது, நின்றுவிட்டது.

திரையின் மூலையில் மஞ்சள் பூச்சி இருந்தது. ஒரு விரல் வைத்தால் போதும். எங்கே ஓடுகிறது, எப்போது எழும்புகிறது, இன்னும் எத்தனை நேரம், எல்லாம் காட்டும். மீனாளின் விரல் அதுவரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு அவள் போனை அணைத்து, தைலப் புட்டியோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தலைக்கு மேலே வானம் இரைந்தது. மதியம் வந்த விமானம்தான், வந்த வழியே திரும்புகிறது. அதன் நிழல் சாம்பல்மேல் ஏறி இறங்கி, அவள் முதுகின்மேல் ஏறி இறங்கி, கண்மாய்த் தண்ணீரைத் தாண்டிப் போயிற்று. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தேடவில்லை. கையைத் தூக்கி விரலைக் காட்டவில்லை. கரையில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, பின்னால் கட்டை ஒன்று முறிந்து விழுகிற சத்தத்துக்குக்கூடத் திரும்பாமல், மீனாள் நடந்து போனாள்.